அப்பெனீசாவின் வேர்க்கட்டு

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பல்கலைக்கழக வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே தரையில் சம்மணம் போட்டுவிட்டார் அப்பெனீசா. மடியில் செய்தித்தாள் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு, இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற காய்ந்த வேர். எந்த இடத்துக்குப் போனாலும், அவர்கள் வழக்கப்படி அங்கிருக்கிறவர் அந்த வேரை வாங்கிக்கொண்டு, குவித்த கைகளை மூன்று தரம் தட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்.

வெளித்தீவில் கொப்பரை வெட்டுகிற மனிதர். ஒன்றரை நாள் கப்பலில் வந்து தலைநகர் சுவாவில் இறங்கியபோது பையில் ஐந்து கட்டு இருந்தது. துறைமுகத்தில் ஒன்று, சந்தைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, பஸ் ஓட்டுநருக்கு ஒன்று. விடுதி முதலாளியான வெள்ளைக்காரர் தனக்குக் கிடைத்ததை நன்றியோடு பூச்சட்டியில் நட்டுத் தண்ணீரும் ஊற்றினார். மிஞ்சியது மடியில் இருந்த ஒன்றுதான்.

வாசல் காவலர் சக்கியூசா வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். யாரிடமும் எதையும் வாங்கக்கூடாது என்று உத்தரவு.

"மாமா, கதவு தெறந்துதான கெடக்கு. பேசாம உள்ள போங்க."

"தெறந்திருக்கு, சரி. வான்னு யாரு சொன்னா?"

சக்கியூசா அலுவலகத்துக்குப் போன் போட்டார். இன்றைக்கு யாருக்கும் அனுமதியே வேண்டாம் என்றார்கள். அதுதான் வில்லங்கமாகப் போயிற்று. அப்படியானால் இந்த இடத்துக்குத் தலைவரைக் கூப்பிடு என்றார் அப்பெனீசா. துணைவேந்தர் மேடையில் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றதும், முடித்துவிட்டு வரட்டும், காத்திருக்கிறேன் என்று இன்னும் நன்றாக அழுந்த உட்கார்ந்தார்.

முடிந்த பிறகு போய் என்ன பிரயோசனம்? அந்த மேடையில் பட்டம் வாங்கப்போவது அவர் மகள் மெரெவாய். அவர்கள் ஊரிலேயே முதல் பட்டதாரி. அதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தார். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக விழ விழ, மனுஷர் கழுத்தை நீட்டி நீட்டி உள்ளே பார்த்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"திருடன் மாதிரி நொழைஞ்சு பாத்தா, எம்பொண்ணுக்கில்ல கேவலம்?"

சக்கியூசாவுக்கே மனசு கேட்கவில்லை. எந்த ஊர் என்று விசாரித்தார். பெரியவர் ஊரைச் சொன்னதும் காவலர் முகம் மாறிப்போனது. அந்தத் தீவுக்காரர்களும் சக்கியூசாவின் மலையூர்க்காரர்களும் முப்பாட்டன் காலத்திலிருந்து மச்சான் முறை. மூஞ்சிக்கு நேரே கிண்டலடிக்கலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம், கோபிக்கக்கூடாது.

"அப்பவே மீன் நாத்தம் அடிச்சுது, நெனச்சேன். காவக்காரன்தான்யா வாங்கக்கூடாது. மச்சான் புடுங்கலாம்."

தன் தொப்பியைக் கழற்றிவிட்டு நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் சக்கியூசா. பின்னால் நான்கு கார்கள் ஹாரன் அடித்தன. அவர் நிதானமாக வேரை வாங்கி, மூன்று தரம் கை தட்டினார். கையோடு பெரியவர் கக்கத்திலிருந்த தொப்பியையும் உருவிக்கொண்டார்.

"வெரசா ஓடு மச்சான்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் அப்பெனீசா. மண்டபத்து வாசலை எட்டும்போது ஒலிபெருக்கி மகளின் பெயரைச் சொன்னது. அப்படியே உள்ளே ஓட வேண்டியதுதானே! மாட்டார். இது இன்னொரு வாசல். அங்கேயே முழங்காலை மடித்து உட்கார்ந்து பைக்குள் கையை விட்டுத் துழாவினார். வழிக்கு வைத்திருந்த அவித்த மரவள்ளிக்கிழங்குதான் அகப்பட்டது. போகட்டும் என்று அதையே இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். வாங்கத்தான் ஆளில்லை.

துணைவேந்தர் பட்டத்தை நீட்டிக்கொண்டு நின்றார். மெரெவாய் அவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். கறுப்பு அங்கியோடு மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளைக் குவித்து, மூன்று தரம் தட்டினாள்.