எங்கள் சந்தின் வெள்ளைத் துணிகள்

காந்திபுரத்தில் ஒரு பாலத்தடியில் வீணாய்க் கிடந்த இடத்தை அமைதிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். அதை வடிவமைத்தது என் அக்கா. அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

திறந்த அன்று உள்ளே நுழைந்ததும், அலசித் திரைகளாகத் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துணிகளின் சவுக்கார வாசனை என்னைச் சின்ன வயதில் எங்கள் வீட்டருகே ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த பழைய சந்துக்கு இழுத்துப் போனது. அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட் என்பதால் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பொழுது சாயும்வரை அவர் தூங்குவார், பள்ளி விட்டு வந்தால் வாயைத் திறக்க முடியாது, அதனால் நானும் அக்காவும் நேராக அந்தச் சந்துக்கு ஓடி, நீர் சொட்டும் லாட்ஜ் போர்வைகளுக்கு நடுவே நின்று, டவுன் பஸ் ஹாரனையும் மிஞ்சிக் கத்துவோம், பாடுவோம், டீச்சரைத் திட்டுவோம், அழ வேண்டியதையெல்லாம் அழுது தீர்ப்போம். துணி காயப்போடும் ராசம்மா, “நல்லாக் கத்துங்க கண்ணு, இங்க யாரு கேக்கப்போறா” என்பார். சந்தை இடித்தபோது என்னைவிட அக்காதான் அதிகம் அழுதாள்.

இப்போது அதே துணிகள், அதே குறுகல், அதே மங்கிய வெளிச்சம். எதையும் அவள் மறக்கவில்லை.

“அக்கா, இது நம்ம சந்தேதான்!” என்று கத்திவிட்டேன்.

கண்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளிக்கு முன்பே அக்கா வந்துவிட்டாள்.

“இங்க பேசக்கூடாது கண்ணு” என்று உதட்டின்மேல் விரலை வைத்தாள், அப்பா தூங்கும்போது அம்மா வைப்பது போலவே.