ஊசி போட்ட விலாங்கும் என் தம்பி பெண்டாட்டியும்

என் தம்பி கென்சாகு விலாங்கு வெட்டுகிறவன். அவன் பெண்டாட்டி தமாயோ விலாங்குக்குப் பிரசவம் பார்க்கிறவள். ஒரே கூரையின் கீழ் இருவரும் இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டார்கள். எப்படி என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. அவன் வெட்டுகிற நேரத்தில் அவள் வேலைக்குப் போய்விடுகிறாள், அவ்வளவுதான். நான் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் முதலில் தெரிவது என் முகம் என்பதால்தான் அடுப்புப் புகையை வாசல் பக்கம் திருப்பி விட்டிருப்பதாகக் கென்சாகு சொல்லித் திரிகிறான்.

தமாயோ ஹமானா ஏரிக்கு மேற்கே பிறந்தவள். அந்தப் பக்கத்தில் விலாங்கை வயிற்றில் கிழிப்பார்கள். நாங்கள் முதுகில் கிழிக்கிறவர்கள். கல்யாணப் பேச்சில் வந்த ஒரே சிக்கல் இதுதான். “வயித்தக் கிழிக்கிற வீட்டுப் பொண்ணா நமக்கு?” என்று அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். பெண் எதையும் கிழிக்கப் போவதில்லை, அரசாங்க மீன் நிலையத்தில் வேலை என்று தரகர் சொன்ன பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

அங்கே அவளுக்கு ஊசி போடுகிற வேலை. விலாங்கைத் தொட்டியில் எத்தனை காலம் வைத்திருந்தாலும் தானாக முட்டை போடாது. கடலில் எங்கோ நெடுந்தூரம் போய்த்தான் போடும். தொட்டியில் வளர்த்தால் முக்கால்வாசி ஆணாகவே போய்விடும். அதனால் சின்னதாக இருக்கும்போதே தீனியில் பெண் ஹார்மோன் கலந்து பெண்ணாக்க வேண்டும். வளர்ந்த பிறகு சால்மன் மீனின் மண்டைக்குள் இருக்கும் சுரப்பியின் சாற்றை வாராவாரம் ஊசியில் ஏற்ற வேண்டும். ஆணுக்கு வேறு ஊசி; அந்த மருந்து கர்ப்பிணிகளின் மூத்திரத்திலிருந்து வருகிறது. இதை ஒரு நாள் மத்தியானம் கடை நிறைய ஆள் இருக்கும்போது என்னிடம் விளக்கினாள். இரண்டு மேசைக்காரர்கள் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“ஏன்டி, இந்தப் பேச்சையெல்லாம் சாப்பாட்டு நேரத்துலதான் பேசணுமா?” என்றேன்.

“நாம பரிமாறுறது ஊசி போட்ட மீனில்லன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னுதான் அக்கா. ஊசி போட்டதத் திங்கவே கூடாது, எரிச்சிடணும்.”

“நீ வாயத் தொறக்கற வரைக்கும் யாரும் அப்படி நெனைக்கவே இல்லையே.”

அவளுக்கு அது புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைக்கிற ஆள். ஒரு பத்திரிகைக்காரன் வந்து, பிள்ளையில்லாக் குறையை மீன்களிடம் தீர்த்துக்கொள்ளும் பெண்மணி என்று உருக்கமாக எழுதிவிட்டுப் போனான். அவளுக்கு இரண்டு பையன்கள். இருவரும் தடியன்கள். இருவருக்கும் விலாங்கு பிடிக்காது.

கடலிலிருந்து ஆற்று முகத்துக்கு வரும் குஞ்சுகளைப் பிடித்துத்தான் எங்கள் பக்கத்துப் பண்ணைகள் நடக்கின்றன. அந்த வரத்து வருடா வருடம் குறைந்துகொண்டே போனது. குஞ்சு வராவிட்டால் பண்ணை இல்லை, பண்ணை இல்லாவிட்டால் எங்கள் அடுப்பும் இல்லை. தமாயோ ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டாள். தொட்டியில் பிறந்த விலாங்கு தொட்டியிலேயே முட்டை போட வேண்டும், அந்த முட்டை வளர்ந்து மேசைக்கு வர வேண்டும். “அத மட்டும் பாத்துட்டேன்னா போதும் அக்கா” என்பாள். மற்ற பெண்கள் கியோத்தோவுக்கு ஒரு முறை போக வேண்டும் என்று சொல்வதைப் போல இதைச் சொல்வாள்.

ஆனால் தொட்டியில் பொரித்த குஞ்சுகளோ உயிரோடு இருப்பதில் அக்கறை இல்லாதவை. கண்ணாடித் தாளில் கத்தரித்துப் போட்ட இலை மாதிரி இருக்கும். சுறா முட்டையைக் குழைத்து வைத்தால் நின்று யோசிக்கும். அதிகம் தின்றால் சாகும், தின்னாவிட்டால் சாகும், தொட்டிச் சுவரில் மூக்கு இடித்தால் சாகும், ஒன்றுமே நடக்காவிட்டால் அலுத்துப்போய்ச் சாகும். அப்படியும் சில பிழைத்து வளர்ந்தன. அவற்றைப் பெண்ணாக்கி ஊசி போட்டதில் ஒன்றுக்கு மட்டும்தான் வயிறு நிறைந்தது. தொட்டியில் பிறந்து, தொட்டியிலேயே தாயாகப் போகிற ஒரே மீன் அது. அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தவை எல்லாம் செத்துவிடுகின்றன என்பது அவள் அனுபவம்.

கோடை முடிகிற சமயத்தில் எங்கள் ஊர் விலாங்குக் கடைகள் எல்லாம் ஒரு நாள் அடைத்துவிட்டு, அந்த வருடம் வெட்டிய விலாங்குகளுக்குத் திதி கொடுக்கும். கறுப்பு உடுப்பில் ஏரிப் படித்துறையில் கூடுவோம். கன்னோன் தேவி சிலைக்கு முன் பிக்கு மந்திரம் ஓதுவார். உயிருள்ள விலாங்குகள் சிலவற்றை ஏரியில் விடுவோம். பிறகு பந்தலில் உட்கார்ந்து சுட்ட விலாங்கும் சோறும் சாப்பிடுவோம். அன்றைக்குமா விலாங்கு என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள்.

ஏரியில் விடுவதற்கு மீன் நிலையம் ஊசி படாத மீன்களில் சிலதைத் தரும். தாய் மீனுக்கு வயிறு நிறைந்த அந்த வருடம் போய் எடுத்துவரும் முறை கென்சாகுவுடையது. முந்தின நாள்தான் தமாயோ அந்தத் தாய் மீனுக்குக் கடைசி ஊசியைப் போட்டிருந்தாள். அன்று மத்தியானத்துக்குள் முட்டை இறங்க வேண்டும். எடை பார்ப்பதற்காக வாசல் பக்கத்து நீலத் தொட்டியில் அதை விட்டுவிட்டு, எடுத்து வைத்த ஆண் மீனின் விந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போயிருந்தாள். அந்த நேரத்தில்தான் கென்சாகு வந்தான்.

தேவிக்கென்று வைத்திருந்தவற்றைப் பார்த்தான். ஒல்லி ஒல்லியாக இருந்தன. வருடம் முழுக்கக் கொழுத்ததாகப் பார்த்து வெட்டிவிட்டு, தேவிக்கு நோஞ்சானை விடுவதா என்று அவனுக்கு மனது கேட்கவில்லை. நீலத் தொட்டியில் இருந்ததைப் பார்த்தான். அதன் வயிறு அப்படிப் பருத்திருந்தது. அது முட்டையாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்ற வழியே இல்லை. எங்கள் கைக்கு வரும் விலாங்கு எதிலும் முட்டை இருக்காது. ஊரில் எந்தச் சமையல்காரனும் அதைப் பார்த்தது கிடையாது. கொழுத்த மீன் என்று பக்தியோடு அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

மந்திரம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்தான். ஒல்லி மீன்கள் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டன. பருத்தது மட்டும் தண்ணீருக்குள் இருந்த கடைசிப் படியில் அசையாமல் கிடந்தது. அதன் தலை சிலையைப் பார்த்து இருந்தது.

“கும்புடுது பாருங்க!” என்றார் கடைக்காரர் சங்கத் தலைவர் முராமட்சு. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்டியதில் ஊரிலேயே முதலிடம் அவர் கடைக்குத்தான். கூட்டம் கைகூப்பியது. பிக்குவும் சமயம் தெரிந்தவர், இன்னொரு மந்திரத்தை ஆரம்பித்தார்.

“நான் பொறுக்கின மீன்க்கா” என்றான் கென்சாகு என் காதில்.

அப்போது நிலையத்து வண்டி வந்து நின்றது. தமாயோ ரப்பர் பூட்சோடு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் படியில் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் மீனைத் தூக்கினாள்.

“அய்யய்யோ! தேவிக்கு விட்டதத் திருப்பி எடுக்கக் கூடாதும்மா!” என்று முராமட்சு அலறினார்.

“விட்டது விட்டதுதான் தாயி” என்றார் பிக்கு. “அது போக வேண்டிய எடத்துக்குப் போகட்டும்.”

“இதுக்குப் போக எடமே தெரியாது சாமி. பொறந்ததே பிளாஸ்டிக் தொட்டியில. ஊசி போட்டத ஏரியில விடவும் கூடாது.”

“உயிருக்கு வழி தானா தெரியும்மா.”

“இது பொழுது சாயற வரைக்கும்கூடத் தாங்காது சாமி. வயிறு முழுக்க முட்டை.”

“முட்டையா?” என்றார் முராமட்சு. “விலாங்குக்கா? எங்க, காட்டு!” தேவியை மறந்து முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கியவர் அவர்தான். பின்னாலேயே கடைக்காரர்கள் அத்தனை பேரும் கறுப்பு உடுப்போடு இறங்கினார்கள்.

கென்சாகுவின் முகம் மாவாக வெளுத்துவிட்டது. “கொழுப்புன்னு நெனச்சேன் தமாயோ” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மீனின் வயிற்றுக்குக் கீழே கண்ணாடி மணி போல ஏதோ கசிய ஆரம்பித்திருந்தது. “நெலையத்துக்குப் போற வரைக்கும் தாங்காது. ஏங்க, காஞ்ச பாத்திரம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் முட்டை வீணாயிடும், மசாலா ஒட்டியிருக்கக் கூடாது.”

பந்தலில் சோறு போடக் காத்திருந்த அரக்குப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் நன்றாகத் துடைத்துப் பளபளவென்று இருந்தது, பிக்குவுக்கு மட்டும் பரிமாறும் பொன் தாமரை போட்ட பெட்டி. எங்கள் தாத்தா காலத்துப் பெட்டி. காலையில் நானே பட்டுத் துணியால் துடைத்திருந்தேன். கென்சாகு அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“டேய், அது சாமி பெட்டிடா!” என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

அவன் மீனைப் பிடித்துக்கொண்டான். அவள் அதன் வயிற்றைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாகத் தடவினாள்.

“இறுக்காதீங்க.”

“எனக்கு இறுக்கித்தான் பழக்கம்.”

“தெரியும். இறுக்காதீங்க.”

பொன் தாமரை மறையும் அளவுக்கு முட்டை இறங்கியது. யாரும் கேட்காமலே பிக்கு மறுபடி மந்திரம் ஓத ஆரம்பித்தார். பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு தமாயோ வண்டியில் ஏற, கென்சாகு ஓட்டினான். அன்று பிக்கு எங்களோடு சாதாரணப் பெட்டியில் சாப்பிட்டார். இரண்டு பெட்டி சாப்பிட்டார்.

தாய் மீன் அன்று சாயங்காலமே செத்தது. முட்டை எடுத்தால் சாகத்தான் செய்யும். விந்து கலந்த முட்டைகளில் பெரும்பகுதி மறுநாளே வெளுத்துப்போனது. பொரித்தவற்றிலும் பல வழக்கமான எல்லா விதங்களிலும் செத்தன. கென்சாகு தினமும் சோற்று டப்பாவோடு நிலையத்துக்குப் போக ஆரம்பித்தான். அவள் தீனி வைக்கும்போது தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவான். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், “இருக்கு” என்பான். அதற்கு மேல் வாயைத் திறந்தால் செத்துவிடுமோ என்று பயம்.

அவளுக்கு ஓய்வு வயது வந்தது. தினக்கூலியாகப் பெயர் எழுதிக்கொண்டு அதே தொட்டிகளுக்குத் திரும்பிப் போனாள். பிழைத்த கண்ணாடி இலைக் குஞ்சுகளில் ஒரு கைப்பிடி மட்டும் சுருண்டு, கறுத்து, உண்மையான விலாங்காயின. “இதுங்களுக்கு ஒரு ஊசியும் வேணாம், தீனியிலயும் ஒண்ணும் கலக்க வேணாம்” என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். எல்லாம் ஆணாக வளர்ந்தன. ருசி பார்க்க ஒன்றைக் கொண்டுபோக நிலையத்தில் அனுமதி கொடுத்தார்கள்.

கடையில் கூட்டம் கலைந்த ஒரு மத்தியானம் வாளியோடு வந்தாள். கென்சாகு எட்டிப் பார்த்தான்.

“இது...”

“ஆமாங்க. நீங்க ஏரியில விட்டீங்களே, அதோட புள்ள.”

கத்தியைத் தீட்டினான். துடைத்தான். மறுபடி தீட்டினான். “இன்னைக்கு வேணாமே. கரி ஈரமா இருக்கு” என்றான். கரி நான் வாங்கியது, நன்றாகக் காய்ந்திருந்தது.

“எனக்குக் கை வரல தமாயோ.”

“எதுக்கு வளத்தேன்னு நெனச்சீங்க, கொஞ்சறதுக்கா? வெட்டுங்க.”

வெட்டினான். முதுகில் ஒரே கீறல். கண்ணிலிருந்து மட்டும் ஊற்றியது. புகை என்றான். அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை.

அவளை மேசையில் உட்காரச் சொல்லி நானே பரிமாறினேன். அவள் அவசரப்படவில்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். சமையலறைத் திரைக்குப் பக்கத்தில் கென்சாகு விசிறியைப் பிடித்தபடி நின்றான்.

“எப்படி இருக்கு?”

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். “எப்பவும் போலத்தான் இருக்கு” என்றாள். “நம்ம கடை விலாங்கு எப்பவும் எப்படி இருக்குமோ, அப்படியேதான் இருக்கு.” சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை.

எப்பவும் போல என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் கென்சாகு அந்த ஆளை மறுபடி கடைக்குள் விட்டிருக்க மாட்டான். அன்று விசிறியைக் கீழே வைத்துவிட்டு, தன் பெண்டாட்டிக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தான்.