மாரியாயி அக்கா இடம் மாற்றிய குளியலறை

இன்று காலை எங்கள் பல்கலைக்கழக வடிவமைப்பு ஆய்வுக் குழுவோடு கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்களுக்குக் கட்டப்போகும் வீட்டைக் கணினியில் வரைந்தவன் நான்தான்.

அச்செடுத்த தாளைப் பால்மரம் வெட்டும் மாரியாயி அக்காவிடம் காட்டினேன்.

"வீடு அழகாத்தான் இருக்கு லா, தம்பி. ஆனா பால் நாத்தத்தோட வர்றவ, சாமி மேடையத் தாண்டிப் போயா குளிக்கிறது?"

அக்கா என்ன சொல்கிறார் என்று, உடன் வந்திருந்த தமிழ் தெரியாத பேராசிரியர் மலாயில் கேட்டார்.

நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிவிடலாமா? மூன்று வார உழைப்பாயிற்றே. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்.

பேராசிரியர் பேனாவை அக்காவிடம் நீட்டினார். அக்கா பின்வாசலை ஒட்டி ஒரு கட்டம் போட்டார். குளியலறை அங்கேதான் என்று முடிவாயிற்று.

வரையும் முன்பே அக்காவிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம்.