பாதிக்கதை அண்ணி

எங்கள் அண்ணிக்கு எந்தக் கதையையும் முழுசாகச் சொல்லத் தெரியாது. நாத்தனார் என்பதால் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். குறை சொல்வதென்று உட்கார்ந்தால் என்னிடம் வேறு சரக்கு நிறையவே இருக்கிறது. இது அவருடைய தொழில் ரகசியம், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் போட்டோ ஸ்டூடியோ. இடப்பக்கம் பல் டாக்டர், வலப்பக்கம் மெத்தைக் கடை. படம் எடுப்பது அண்ணி. பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணன். வருகிற குழந்தைகளுக்கு வேஷத் துணி தைப்பதும், அதை மாட்டிவிடுவதும், மாட்டும்போது உதை வாங்குவதும் நான்.

குழந்தைகளைத் தேவதைக் கதையில் வருகிற மாதிரி, சினிமாவில் வருகிற மாதிரி எடுப்பதுதான் எங்கள் வேலை. இளவரசி, கடற்கன்னி, மந்திரவாதி, விண்வெளி வீரன், ஒற்றைக் கண் கொள்ளைக்காரன், எல்லாரும் எங்கள் துணி அலமாரியில் ஹேங்கரில் தொங்குகிறார்கள்.

அண்ணிக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், அவர் பிறந்து வளர்ந்த வீடு ஒரு சினிமா தியேட்டரின் பின்சுவரை ஒட்டி இருந்தது. படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி இலவசமாக வரும். குதிரைக் குளம்பு, வாள் சண்டை, வில்லன் சிரிப்பு, கதாநாயகி அலறல், அதற்கு மேல் வயலின். சின்னப் பெண் பாயில் படுத்தபடி, இந்தக் குரலுக்கு முகம் எப்படி இருக்கும், அந்தச் சிரிப்புக்குப் பல் எப்படி இருக்கும் என்று தானாகவே யோசித்துக்கொள்ளும். உச்சக் கட்டம் வருவதற்குள் கண் செருகிவிடும். ஒரே படம் வாரக்கணக்கில் ஓடும், வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம், முடிவு மட்டும் தெரியாது. இப்படியே வளர்ந்த மனுஷி அவர்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கடையில் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிற வேலை பார்த்தார். 'நேராப் பாருங்க, கண்ணாடியக் கழட்டுங்க, அவ்வளவுதான்' என்று நாள் முழுக்க அதே பாட்டு. ஒருநாள் ஒரு குழந்தை நாற்காலியில் உட்காராமல் கடையையே இரண்டாக்கியிருக்கிறது. கிலுகிலுப்பை காட்டியும் மசியவில்லை. அண்ணி சட்டென்று, "பாப்பா, ஒரு டிராகன் மோட்டார் சைக்கிள்ல வருது. அதுக்கு பிரேக் பிடிக்கல" என்றாராம். குழந்தை அழுகையை விட்டுவிட்டு வாயைப் பிளந்தது. அண்ணி பொத்தானை அமுக்கினார். வாய் திறந்திருக்கிறது என்று அந்தப் படத்தை அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பெற்றவர்கள் அதைப் பெரிதாகப் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அண்ணி ஒரு குழந்தையிடம்கூட 'சிரி' என்று சொன்னதில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கதை சொல்வார். கதை ஏற ஏறக் குழந்தையின் முகமும் ஏறும். அவர் காத்திருக்கிற முகம் வந்த அந்த நொடியில் ஒரு கிளிக். அதோடு கதைக்கும் மூட்டை கட்டிவிடுவார்.

"அப்புறம் ஆன்ட்டி?" என்று குழந்தை கேட்கும்.

"அப்புறம் என்ன? போட்டோ வந்துடுச்சு!"

மறுநாள் அம்மாக்கள் போனில் பிடித்துக்கொள்வார்கள். "என்னங்க, நைட்டெல்லாம் என் பொண்ணு தூங்கல. கடல்ல விழுந்த ராஜாவோட பைக் கிடைச்சுதா இல்லையா?" அண்ணி கொஞ்சமும் அசராமல், "நீங்களே ஏதாவது சொல்லி முடிச்சுடுங்க" என்பார். அண்ணன் அவருக்கு வைத்த பேர் பாதிக்கதை. கோபம் வந்தால் பாதி, கொஞ்சல் வந்தால் கதை.

எங்களிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் செல்போனில் ஏதாவது சினிமா போஸ்டரைக் காட்டி, "அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்பார்கள். அண்ணி போனை வாங்கி நன்றாகப் பார்ப்பார். "இந்தப் பொண்ணைத்தான் ஏற்கெனவே எடுத்துட்டாங்களே. நாம உங்க பொண்ண எடுப்போம்" என்பார். பிறகு தன் இஷ்டத்துக்குக் கலந்து அடிப்பார். இளவரசிக்குப் போலீஸ் தொப்பி வைத்து டிராகனைக் கைது செய்ய வைப்பார். கடற்கன்னியைப் பஸ் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூலிங் கிளாஸ் மாட்டுவார். இதற்கெல்லாம் வாலும் செதிலும் தைத்துத் தைத்து என் விரலில் ஓட்டை விழுந்தது. ஆனாலும் படம் வந்ததும் நான்தான் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பார்ப்பேன். இந்த விஷயத்தில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இப்படிப்பட்டவரை ஒரு நாள் அவர் கதையே வசமாக மாட்டிவிட்டது.

அன்றைக்கு ஒரு அம்மாவும் பையனும் வந்தார்கள். பையன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தவன். அம்மா வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும், அவ்வளவு மெதுவான குரல். பையனிடம், "கண்ணா, ஆன்ட்டி சொல்றதக் கேக்கணும், சரியா?" என்று வார்த்தைக்கு வார்த்தை வெண்ணெய் தடவிப் பேசினார். இப்படியும் ஒரு அம்மாவா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் மேல்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

பையனுக்கு அரக்கன் கோட்டையிலிருந்து தப்பித்த இளவரசனாக வேண்டுமாம். நீலச் சால்வை போட்டு, அட்டைக் கத்தியைச் செருகி, பஞ்சுப் பாறைக்குப் பின்னால் குந்தவைத்தேன். அண்ணி ஆரம்பித்தார்.

"இளவரசே, அரக்கன் உன்னத் தேடிக்கிட்டு வர்றான். லிப்ட்ல வர்றான். அவன் ரொம்பத் தந்திரக்காரன். கத்த மாட்டான், மிரட்ட மாட்டான். அப்படியே உங்க அம்மா குரல்ல கூப்பிடுவான். 'கண்ணா, செல்லம், வாடா ராஜா'ன்னு தேன் ஒழுகக் கூப்பிடுவான். என்ன ஆனாலும் வாயத் திறக்கக் கூடாது. வெளிய வரக் கூடாது. மூச்சுவிட்டாக்கூடக் கண்டுபிடிச்சுடுவான்..."

பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கண் இரண்டும் அகல விரிந்தது. கிளிக்.

"வந்துடுச்சு! போதும்!" என்றார் அண்ணி. அந்த அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் போய்விட்டார். படம் அப்படி ஒரு படம். நாங்கள் மூன்று பேரும் அதன் அழகில் சொக்கிப்போய் நின்றோம்.

திரும்பிப் பார்த்தால் பாறைக்குப் பின்னால் ஆள் இல்லை.

"கண்ணா, வாப்பா, போலாம்" என்றார் அம்மா. விளையாடுகிறான் என்று சிரித்துக்கொண்டே திரையை விலக்கிப் பார்த்தோம், மேசைக்கு அடியில் பார்த்தோம், உடை மாற்றுகிற அறையில் பார்த்தோம். அப்புறம்தான் வாசல் கதவு கண்ணில் பட்டது. கையில் பிரேம்களை அடுக்கிக்கொண்டு போன அண்ணன் அதைச் சாத்தாமல் போயிருந்தார். கதவுக்கு வெளியே வராண்டா, படி, லிப்ட். கீழே இறங்கினால் பஸ் பறக்கிற ரோடு.

நான் படியிறங்கி ஓடினேன். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தேன், நிறுத்தத்தில் நின்றவர்களைக் கேட்டேன். நீலச் சால்வை போட்ட பையனை யாரும் பார்க்கவில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டியை இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். வராண்டாவில் கண்காணிப்புக் கேமரா ஒன்று இருந்தது. அது எப்போது கண்ணை மூடியதோ, யாருக்கும் தெரியாது.

செக்யூரிட்டி அனுபவஸ்தர். "என்னத் தாண்டி எந்தக் குழந்தையும் தனியாப் போகல. இங்கதான் எங்கயோ இருக்கணும். யாரும் அதட்டிடாதீங்கம்மா, பயந்து இன்னும் உள்ள போயிடும். அன்பா, ஆசையாக் கூப்பிடுங்க" என்றார்.

அப்படியே செய்தோம். அந்த மாடியே குழைந்தது. "செல்லம், வாடா" என்றார் மெத்தைக் கடைக்காரர், மெத்தைகளுக்கு நடுவே தலையை நீட்டி. "தங்கக் கட்டி, எங்கடா இருக்கே?" என்றார் பல் டாக்டர், ஊசி போடும்போதுகூட வராத குரலில். "கண்ணா, ராஜா, அம்மா கூப்பிடறேன்ல, வாப்பா" என்று அந்த அம்மா ஒவ்வொரு மூலையிலும் நின்று கூப்பிட்டார். குரல் நடுங்கியது. ஆனாலும் தேன் குறையவில்லை.

அண்ணி மட்டும் நடு அறையில் அசையாமல் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. என் கையைப் பிடித்தார்.

"அடியே, நான்தான்டி அவன வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன அண்ணி உளர்றீங்க?"

"அம்மா குரல்ல அரக்கன் கூப்பிடுவான்னு சொன்னேனே. தேனாக் கூப்பிடுவான்னு சொன்னேனே. கதைய அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். அவனுக்குக் கதை இன்னும் முடியலடி!"

சொல்லிவிட்டு அவரே உரக்கக் கூப்பிட்டார். "இளவரசே! கதை முடிஞ்சுடுச்சுப்பா! அரக்கன் போயிட்டான்! வெளிய வா, தங்கம்!"

சத்தமே இல்லை.

"அண்ணி, அரக்கனா இருந்தாலும் இதைத்தானே சொல்லுவான்?" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ குழந்தைகளை மயக்கிய வாய், ஒரு முடிவு கிடைக்காமல் திறந்து திறந்து மூடியது. உள்ளே இருந்தால் சரி. வேறு யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு போயிருந்தால்? அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் அதே நினைப்புத்தான்.

அந்த அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். இப்போது நமக்குச் செம டோஸ் விழப்போகிறது என்று நான் தயாரானேன். ஆனால் அவர் எங்களைத் திட்டவில்லை. அவருக்குள் எதுவோ அறுந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்தார். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"டேய்ய்! எங்கடா போய்த் தொலைஞ்சே? கூப்பிட்டா காது கேக்காது உனக்கு? காலையில ஷூ மாட்டுறதுக்கு ஒரு மணி நேரம், சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம், இப்ப இது வேறயா? எத்தன தடவடா ஒரு மனுஷி தொண்டை கிழியக் கத்துவா? மூணு எண்ணுறதுக்குள்ள என் முன்னால வந்து நிக்கல, முதுகுத் தோல உரிச்சு உப்பு தடவிடுவேன்! ஒண்ணு!"

மூலையில் ஸ்டாண்டில் மாட்டியிருந்த ராணி கவுன் அசைந்தது. பிரம்பு வளையம் வைத்து, குடை மாதிரி விரித்து நான் தைத்தது. அதை உரசிக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் குறுக்கும் நெடுக்கும் போயிருக்கிறோம். கவுனின் அடிவிளிம்பு மேலே எழும்பியது. முதலில் அட்டைக் கத்தி வந்தது. பின்னால் வியர்வையில் நனைந்த தலை வந்தது.

"அம்மா!" என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். அழவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நெஜமாவே நீதானா!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த மெத்தைக் கடைக்காரர் யாரையும் கேட்காமல் எங்கள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அண்ணி தரையில் இருந்தபடியே முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அது சிரிப்பா அழுகையா என்று அவரிடம் கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல மாட்டார்.

அந்த அம்மா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அவ்வளவு நேரம் கூப்பிட்டேனேடா, அது நான்னு தெரியலையா?" என்றார்.

"அது அரக்கன். ரொம்ப நல்லாப் பேசுச்சு" என்றான் பையன். "நீதான் திட்டுவியே."

அவர் முகம் மாறியது. எங்களைப் பார்த்து, தன் பழைய மெதுவான குரலில் சொன்னார். "வீட்ல நான் இவன்கிட்ட ரொம்பக் கத்துறேங்க. வேலை, வீடு, எல்லாம் சேந்து வாயில வந்துடுது. நைட்டு இவன் தூங்கின அப்புறம் பக்கத்துல உக்காந்து அழுவேன். இவன் மனசுல நான் ஒரு ராட்சசியாத்தான் இருக்கேன்னு நினைச்சுட்டிருந்தேன். இன்னிக்கு ஒரு நாளாவது கத்தாம இருக்கணும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

பையன் அவர் தோளுக்கு மேலாக வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, அப்ப அரக்கன் என்ன ஆனான்?"

அண்ணி எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையை முடித்தே ஆகவேண்டிய கட்டாயம். என்னைப் பார்த்தார். நான் கவுனைப் பார்த்தேன்.

அந்த அம்மாதான் பையனின் ஈரத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "அம்மா போட்ட சத்தத்துல, துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடியே போயிட்டான்டா."