காது வைத்த லண்டன் டாக்சி

லண்டனுக்கு வெகுதூரத்திலுள்ள மல்வேர்னில் ஒரு கலியாண வீட்டு வாசலில், மாப்பிள்ளையை ஏற்றிப்போகக் கறுப்பு லண்டன் டாக்சி ஒன்று நிற்கிறது. நானும் லண்டனிலிருந்து வந்த விருந்தாளிதான். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் முன்சீற் மாப்பிள்ளையின் மாமாவுக்குரிய மரியாதை. பட்டுவேட்டியோடு வந்த மாமா முன்கதவைத் திறக்கிறார். சாரதிக்குப் பக்கத்தில் சீற்றே இல்லை, வெறும் தட்டு.

"சீற்றைக் கழட்டி வித்துப்போட்டாங்கள்! உந்தப் பழசில நான் ஏறமாட்டன்."

சாரதியின் முகம் கறுக்கிறது. நல்லநேரம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணை, உது பெட்டி வைக்கிற இடம். லண்டனில முன்னுக்கு ஆக்களை ஏத்திறேல்லை. கூரையில ரெண்டு பக்கமும் காது மாதிரி சிக்னல் லைற் நிக்குது, பாருங்கோ. அறுபத்தெட்டாம் ஆண்டோட அதை விட்டிட்டாங்கள். இது அதுக்கு முந்தின அசல் வண்டி."

"அப்ப என்ர வயதெண்டு சொல்லும்!"

மாமா சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி, மடக்குச் சீற்றை விரித்து, ஏற்கெனவே ஏறியிருந்த மாப்பிள்ளைக்கு நேரெதிரே அமர்கிறார். தொப்பிக்காரருக்காக உயர்த்திக் கட்டிய கூரை. மாப்பிள்ளையின் தலைப்பா எங்கும் முட்டவில்லை.

மாமா அவனையே பார்க்கிறார். "முன்னுக்கு இருந்திருந்தா இந்த வடிவை நான் எங்க பாத்திருக்கப்போறன்? வண்டியை எடும், தம்பி."