முடிவை முதலில் வாசிக்கிற அம்மா

அம்மா எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, தேநீரோடு ஆறுதலாக வாசிப்பார். “துப்பறியிற கதையை இப்பிடி வாசிக்கிறதுக்கு வாசிக்காமலே விடலாம்,” என்று அப்பா சலித்துக்கொள்வார். அம்மா காதில் போட்டுக்கொண்டதில்லை.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நோர்வேஜிய மொழி பழகவென்று நாவல் வாசிக்கத் தொடங்கியவர், நாளடைவில் மொழியை மறந்து கதைக்குள் விழுந்துவிட்டார். அவருடைய விமர்சனங்கள் சமையலறையில் வெங்காயத்தோடு சேர்ந்து நறுக்கப்படும். ஒரு கதையில் காவல் அதிகாரி தனியே இருந்து குடித்துக்கொண்டேயிருந்தார். “இந்த மனுசனுக்கு ஆரும் ஒருநேரம் சோறு குடுத்திருந்தால் மற்றக் கொலையள் நடந்திராது,” என்றார் அம்மா. பக்கம் பக்கமாகப் பனியை வருணித்த இன்னொரு நாவலுக்கு, “பனி பாக்க எனக்கு இந்த யன்னலே காணும்,” என்று ஒரே வரியில் தீர்ப்பு. இவற்றையெல்லாம் என் சொந்தக் கருத்துகளாக நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு நோர்வேக்காரர் மலைவீடுகளுக்குப் போய்க் கொலைக்கதை வாசிப்பார்கள். எங்களுக்கு மலைவீடு இல்லை. எல்லிங்ஸ்ருட் என்ற புறநகரில் மூன்றாம் மாடி வீடும் கொலைக்கதையும் மட்டும் இருந்தன. எனக்கு ஒன்பது வயதான அந்த ஈஸ்டரில், கீழ்வீட்டுக் கிழவர் புதிதாக வந்த ஒரு நாவலைப் பற்றிப் படிக்கட்டில் அம்மாவிடம் புகழ்ந்திருந்தார். அம்மாவுக்கு வேலை இருந்ததால், நூலகம் மூடுவதற்கு முன் அப்பாதான் போய் எடுத்துவந்தார்.

பெரிய வியாழன் காலை. அடுக்குமாடிகள் எல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன. கூரைப் பனி உருகிச் சொட்டும் ஓசை மட்டும் நாள் முழுவதும் கேட்டது. வெயில், கம்பளம், உரித்த தோடம்பழத்தின் மணம் எல்லாம் சேர்ந்து வீடு பாதித் தூக்கத்தில் மிதந்தது. அம்மா புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தார். கடைசித் தாள்களைக் காணவில்லை. யாரோ கிழித்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அம்மா முன்னாலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமம். படகில் போன தம்பி திரும்பி வரவில்லை. அக்கா தேடுகிறாள். சில அத்தியாயங்கள் தாண்டியதும் அம்மா எழுந்து நடக்கத் தொடங்கினார். உட்கார்ந்தார், மறுபடியும் நடந்தார்.

“செவ்வாய்க்கிழமை நூலகம் திறந்திடும். பொறுமன்,” என்றார் அப்பா.

“செவ்வாய் வரைக்கும் என்னெண்டு இருக்கிறது?” என்ற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கிழவர் கதவைத் திறந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். முடிவைச் சொல்வது பெரிய பாவம், தன் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை என்றார். அம்மா சிரிக்கவில்லை.

“முழுக்கச் சொல்ல வேண்டாம். அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறானா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். “எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். எங்கள் ஊரில் நடந்த போருக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை,” என்றார்.

கிழவர் கதவின் கைப்பிடியில் கையை வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருக்கிறான்,” என்றார் பிறகு. “கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவான்.”

மிச்ச விடுமுறை முழுவதும் அம்மா வெயிலில் கால் நீட்டி, அவசரமில்லாமல் அந்தப் புத்தகத்தை வாசித்தார். “நல்ல கதை. மழைதான் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றார். செவ்வாய்க்கிழமை நூலகம் திறந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அம்மா, கடைசித் தாள்களுக்காக வேறு பிரதி கேட்கவில்லை.

போன வருடம் அதே நாவல் ஒரு கடையில் என் கண்ணில் பட்டது. வாங்கி, ரயிலிலேயே வாசித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் அக்கா கரையில் நிற்கிறாள். தம்பியின் உடலைக் கொண்டுவருகிறார்கள்.

கீழ்வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கிழவர் சொன்னதை அம்மா நம்பினாரா, நம்பியதுபோல இருந்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அன்று அந்த வாசலில் கிழவர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றபோது, அவருக்குக் கதை மறந்துபோய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். குளிர்ந்த படிக்கட்டில் கால் மாற்றி மாற்றி நின்று, மேலே போகலாம் என்று அம்மாவின் கையை இழுத்துக்கொண்டிருந்தேன்.