உப்புப் பாக்கெட்டின் பின்பக்கம்

என் கணவரின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்தபோது, நான் பூதப்பாண்டிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடமாக அதே பாடங்கள்தாம். அளவீடு, அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை. சாக்பீஸைக் கையில் எடுத்தால் வாய் தானாகப் பேசும். மனம் எங்கேயோ நிற்கும்.

அவர் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவர். கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குவார். சர்க்கரை நோயை அவர் ஒரு நோயாகவே மதித்ததில்லை. கால் வீங்கி, முகம் ஊதி, ஒருநாள் பாதி ஏணியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி நாகர்கோவிலில் டயாலிசிஸ். மதியம் அவரே பஸ்ஸில் போய்ப் படுத்துக்கொள்வார். பள்ளி விட்டதும் நான் போய்க் கூட்டி வருவேன். பஸ்ஸில் நின்றபடியே தூங்க அந்த வருடம்தான் பழகினேன்.

டாக்டர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லியிருந்தார். நாள் முழுவதற்கும் முக்கால் லிட்டர் தண்ணீர்தான், காப்பி ரசம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இரண்டாவது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறவே கூடாது, ஏறினால் இதயம் நின்றுவிடும்.

முதலாவதற்காக ஒரு புது பிளாஸ்டிக் அளவு ஜாடி வாங்கினேன். மேசையில் வைத்து, குனிந்து, தண்ணீர் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பேன். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். அவர் கதவோரம் நின்று பார்ப்பார்.

"என் வீட்டுல எனக்கே தண்ணி அளந்து தாறியாட்டி?" என்றார் முதல் நாள். கோபம்கூட இல்லை, கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பொட்டாசியத்தை நான் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு துண்டாகத்தான் அறிந்திருந்தேன். தண்ணீரில் போட்டால் இளம் ஊதா நிறத்தில் எரிந்தபடி ஓடும். இப்போது பார்த்தால் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம், ஏத்தன்பழம், இளநீர் என்று எங்கள் ஊரில் வாய்க்கு ருசியான எல்லாவற்றிலும் அது இருந்தது. பொட்டாசியம் தண்ணீரோடு போகட்டும் என்று மரச்சீனியை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொடுத்தேன். "சக்கையைத் தின்னுகது மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளினார்.

ரத்த அழுத்தமும் இருந்ததால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நாகர்கோவிலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் உப்புப் பாக்கெட் ஒன்றின் முன்பக்கத்தில் 'சோடியம் குறைந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த உப்பைப் போட்டு வைத்த மீன்குழம்பை அவர் வழித்துச் சாப்பிட்டார். "இப்பதாம்ட்டி குழம்பு குழம்பா இருக்கு" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் இன்னொரு சிட்டிகை கூட்டிப் போட்டேன்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. என் சமையலில் தப்பிருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அவர் வெளியே எதையோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்றே முடிவு செய்தேன். ஜங்ஷனில் இளநீர் விற்பவரிடம் அவர் சாயங்காலம் போய் உட்காருவது எனக்குத் தெரியும். ஒருநாள் பள்ளி விட்டு நேரே அங்கே போனேன்.

"அவங்க இங்க வந்து இளநி குடிச்சாங்களா? உள்ளதைச் சொல்லுங்க."

"இல்லையே டீச்சர்" என்றார் அவர். "சும்மா பேசிட்டு இருந்துட்டுப் போவாவ. ஒரு நாளு நானே வெட்டிக் கொடுத்தேன், வேண்டாம்னுட்டாவ."

நான் நம்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டில் வந்து கத்தினேன். அவர் தலையைத் தூக்காமல், "ஏட்டி, நான் குடிக்கல்ல. நம்பினா நம்பு, இல்லேன்னா சவத்தை விட்டுத்தள்ளு" என்றார். அதன்பின் ஜங்ஷனுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சாதித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது.

"கால் ரெண்டும் தூக்க முடியல்ல."

தொட்டால் கை சில்லென்று இருந்தது. நாடியைப் பிடித்தேன், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த தாளைப் பார்த்ததும் டாக்டர் ஓட ஆரம்பித்தார். ஊசிகள் போட்டார்கள், டயாலிசிஸ் அறையைத் திறக்கச் சொன்னார்கள்.

"டீச்சர், இவர் என்ன சாப்பிட்டார்?"

"இளநீர் குடிச்சிருப்பாங்க சார்" என்றேன். "சொன்னா கேக்க மாட்டாங்க."

அவருக்கு நினைவு இருந்தது. பேசத் தெம்பில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் வார்டில் இருந்தோம். அப்போதும் நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் பதில் சொல்வதை விட்டுவிட்டார்.

புதன்கிழமை பள்ளிக்குப் போனேன். பாடம் நடத்தத் தெம்பில்லை. அதனால் தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டு, "வீட்டுச் சமையலறையில இருக்கிற பாக்கெட் எதையாவது நாளைக்குக் கொண்டு வாங்க. அதுல எந்தெந்தத் தனிமம் பேரு இருக்குன்னு பார்ப்போம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் சோப்புத்தூள், சமையல் சோடா, பால்பவுடர் என்று மேசை நிறைந்தது. மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். என் வீட்டில் இருக்கும் அதே உப்பு.

"டீச்சர், உப்புன்னா சோடியம் குளோரைடுதானே? இதுல பின்னால பொட்டாசியம் குளோரைடுன்னும் போட்டிருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் தெளிவாக இருந்தது. சோடியத்தைக் குறைத்த இடத்தை அட்டவணையில் அதற்குக் கீழ்வீட்டுக்காரனான பொட்டாசியத்தை வைத்து நிரப்பியிருந்தார்கள். இரண்டும் ஒரே தொகுதி, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பத்தொன்பது வருடமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பெண் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கே, உட்காரு" என்று மட்டும் சொன்னேன். மணி அடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் அடுக்களையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில் வைத்தேன்.

"நீங்க ஒண்ணும் குடிக்கல்ல. நான்தான் போட்டேன். இந்த உப்பு."

அவர் பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்த எழுத்துகள் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. சொல்ல வேண்டியதையெல்லாம் நான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அவ்வளவு களைப்பு.

"டீச்சருக்கே தெரியல்லேன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். பாக்கெட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "உப்பு போட்டது பெரிசில்லட்டி. டாக்டரு முன்னால என்னக் கள்ளனாக்கினியே, அதுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில் அவர் சாய்ந்திருக்கும்போதே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன், நர்சுகளும் கேட்கட்டும் என்று சத்தமாகவே. "நிறையப் பேருக்கு இது தெரியாது டீச்சர்" என்றார் டாக்டர். தெரியாதவர்களில் நான் எப்படி வரமுடியும் என்று அவரிடம் கேட்கவில்லை. கணவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் ஜங்ஷனில் இறங்கி இளநீர்க்காரரிடமும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேனே" என்றார் அவர், ஒரு காயைச் சீவியபடி.

பொட்டாசியம் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வருடம் ஆகிறது, அவர் மறுபடியும் ஜங்ஷனுக்குப் போய் உட்காருகிறார். ஆனால் நான் தட்டை வைக்கும்போதெல்லாம், "இதுல என்ன போட்டிருக்கே?" என்று கேட்கிறார். பயத்தில் கேட்கிறாரா, குத்திக்காட்டக் கேட்கிறாரா என்று நான் ஆராய்வதில்லை. மூன்று வேளையும் கேட்கிறார். மூன்று வேளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் என் தட்டோடு உட்காருகிறேன்.